கரும்பொருள் கதிர்வீச்சு: ஒளியைப் பார்த்து வெப்பநிலையைச் சொல்வது எப்படி?

பிளஸ் டூ படிக்கும் ஒருவரின் கேள்வி இது. கரும்பொருள் என்பது தன்மேல் விழும் எல்லா ஒளியையும் விழுங்கிவிடுவது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அடுத்த வரியிலேயே, அதுதான் மற்ற எல்லாவற்றையும் விட நன்றாகக் கதிர்வீசும் என்கிறது. விழுங்குவது எப்படி வீசும்? அது எந்தப் பொருளால் ஆனது என்பதற்குக் கணக்கே இல்லை, வெப்பநிலை ஒன்றே போதும் என்கிறார்களே, அது எப்படி? கடைசியாக, எல்லாப் பொருளும் எந்நேரமும் கதிர்வீசிக்கொண்டே இருந்தால் ஏன் எல்லாம் குளிர்ந்து உறைந்துபோகவில்லை?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

தனிச்சுழிக்கு (சுழிக்குக் கீழே 273 டிகிரி செல்சியஸ், அதற்குக் கீழே குளிரவே முடியாது) மேல் வெப்பநிலை உள்ள எதுவும் (சுவர், நாற்காலி, பனிக்கட்டி, நீங்கள்) மின்காந்த அலைகளை வெளிவிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள பொருள்களும் அதையே செய்கின்றன. கொடுப்பதும் வாங்குவதும் சமமாகிவிட்டால் வெப்பநிலை நகராது. ஜெனீவாவைச் சேர்ந்த பியர் பிரெவோ 1791-இல் சொன்னது இது. உங்கள் உடம்பையே கணக்குப் போட்டுப் பாருங்கள். தோலின் வெப்பநிலை 33 டிகிரி செல்சியஸ், பரப்பு 1.7 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் உடம்பு வெளிவிடுவது ஏறத்தாழ 845 வாட். நாள் முழுக்கச் சாப்பிடும் 2000 கிலோகலோரியைச் சராசரியாக்கினால் 100 வாட்கூட வராது. அப்படியானால் எப்படி உயிரோடு இருக்கிறோம்? 27 டிகிரியில் இருக்கும் அறையின் சுவர்கள் சுமார் 780 வாட்டைத் திருப்பித் தருகின்றன. நிகர இழப்பு 65 வாட்தான். சட்டை போட்டிருந்தால் இன்னும் குறைவு.

இப்போது முதல் கேள்வி. முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும் மூடிய அறை ஒன்று. உள்ளே இரண்டு தகடுகள். ஒன்று மேலே படும் கதிர்வீச்சில் 95 விழுக்காட்டை உட்கொள்கிறது. பளபளப்பான இன்னொன்று 5 விழுக்காட்டை மட்டும் உட்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இரண்டும் ஒரே அளவு கதிர்வீசுகின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பளபளப்புத் தகடு வாங்குவது குறைவு, கொடுப்பது அதிகம். அது தானாகவே குளிரத் தொடங்கும். மற்றது தானாகவே சூடேறும். யாரும் எந்த வேலையும் செய்யாமல், ஒரே சூட்டில் இருந்த அறைக்குள் ஒரு சூடான மூலையும் ஒரு குளிர்ந்த மூலையும் உண்டாகிவிடும். நடுவில் ஓர் எந்திரத்தை வைத்துக் காலத்துக்கும் ஓட்டலாம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதற்கு இடம் கொடுக்காது. ஆகவே 5 விழுக்காடு வாங்கும் தகடு, முழுமையாக வாங்கும் தகடு வெளிவிடுவதில் 5 விழுக்காட்டைத்தான் வெளிவிட முடியும். நன்றாக விழுங்குவதே நன்றாக வீசும். எல்லாவற்றையும் விழுங்குவது, அந்த வெப்பநிலையில் வெப்பத்தால் வீசக்கூடிய உச்ச அளவை வீசும். அதுதான் கரும்பொருள்.

ஹைடல்பர்க்கில் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் கிர்க்காஃப் 1859, 1860 ஆண்டுகளில் இதே வாதத்தை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் தனித்தனியாகக் கொண்டுபோனார். என் பார்வையில் இந்தப் பாடத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப்போகின்றன. இரண்டு மூடிய உலைகள்; ஒன்றின் உட்சுவர் இரும்பு, மற்றதன் உட்சுவர் களிமண். இரண்டும் ஒரே வெப்பநிலை. நடுவில் சிறு துளை போட்டு இணைத்து, துளையில் சிவப்பை மட்டும் விடும் வடிகட்டியை வையுங்கள். இரும்பு உலைக்குள் சிவப்பு ஒளி சற்றே கூடுதலாக இருந்தால்கூட ஆற்றல் அங்கிருந்து களிமண் உலைக்குள் பாயும். ஒரே வெப்பநிலையில் இருந்த இரண்டில் ஒன்று சூடேறும். மறுபடி அதே இரண்டாம் விதி தடுக்கிறது. வடிகட்டியை எந்த நிறத்துக்கு மாற்றினாலும் இதே முடிவுதான். ஆக, மூடிய உலைக்குள் இருக்கும் ஒளியின் நிறமாலை (எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்ற பங்கீடு) இரும்பைப் பற்றியும் எதுவும் சொல்லாது, களிமண்ணைப் பற்றியும் எதுவும் சொல்லாது. அதில் பதிவாகியிருப்பது வெப்பநிலை ஒன்றுதான். உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை இது.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். நன்றாகச் சூடேறி எல்லாப் பக்கமும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்ட சூளைக்குள் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால், உள்ளே அடுக்கிய பாண்டங்களின் விளிம்பே தெரியாது. வெள்ளைப் பாண்டம், கறுப்புப் பாண்டம், சுவர் எல்லாம் ஒரே தகதகப்பில் கரைந்துவிடும். வெள்ளைப் பாண்டம் தானாகக் குறைவாக வீசுகிறது. ஆனால் சுற்றுச் சுவரிலிருந்து வருவதை அதிகமாகத் திருப்பி அனுப்பி அந்தக் குறையைச் சரியாக ஈடுகட்டிவிடுகிறது. அதே பாண்டங்களை வெளியே இருட்டில் எடுத்து வைத்தால் கறுப்பு கூடுதலாக ஒளிரும்.

ஆய்வகத்தில் கரும்பொருள் செய்ய வேண்டுமானால் கரி பூசுவதைவிடத் துளை போட்ட பெட்டி நல்லது என்பதும் இதனால்தான். வெள்ளையடித்த வீடாக இருந்தாலும், நண்பகலில் தெருவிலிருந்து பார்த்தால் திறந்த சன்னல் இருட்டாகத்தானே தெரிகிறது? உள்ளே போன ஒளி சுவருக்குச் சுவர் மோதி, ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் இழந்து, வெளியே வர வழி தெரியாமல் போய்விடுகிறது. துளை சிறியதாக இருக்க இருக்க அது முழுமையான கரும்பொருளை நெருங்கும். பெட்டியைச் சூடாக்கினால் அதே துளை உலையின் தூய நிறமாலையை வெளியே விடும்.

ஒன்றைக் கவனியுங்கள்: கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதும் கரும்பொருளாக இருப்பதும் ஒன்றல்ல. பனி கண்ணுக்கு வெள்ளை. ஆனால் 10 மைக்ரோமீட்டர் அளவிலான அகச்சிவப்புக்கு அது ஏறக்குறைய முழுக் கரும்பொருள். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த சுவரும் அந்த அலைநீளத்தில் கிட்டத்தட்ட அப்படியே. மனிதத் தோலின் உமிழ்திறன் (முழுக் கரும்பொருள் வீசுவதில் எத்தனை பங்கு வீசுகிறது என்ற எண்) அங்கே 0.98 அளவில் இருக்கிறது, தோல் எந்த நிறமாக இருந்தாலும். மறுபுறம் கண்ணைக் கூசவைக்கும் சூரியனும் நல்ல கரும்பொருள்தான். மேலே விழும் எந்த ஒளியையும் அது திருப்பி அனுப்புவதில்லை.

அடுத்தது, எவ்வளவு வீசும் என்ற கணக்கு. வியன்னாவில் இருந்த ஜோசப் ஸ்டெஃபான் 1879-இல் சொன்னார்: மொத்தக் கதிர்வீச்சு, தனி வெப்பநிலையின் (தனிச்சுழியிலிருந்து கெல்வினில் எண்ணும் வெப்பநிலை) நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். அவர் கையில் எடுத்தவற்றுள் ஒன்று ஜான் டிண்டால் பிளாட்டினக் கம்பியில் செய்த அளவீடு. மங்கிய சிவப்பிலிருந்து முழு வெண்மைக்கு வரும்போது கம்பியின் கதிர்வீச்சு 11.7 மடங்கு கூடியது. அந்த நிறங்களுக்கு 525, 1200 டிகிரி செல்சியஸ் என்று வெப்பநிலை வைத்தார்கள். கெல்வினில் 798, 1473. வகுத்து நான்காம் அடுக்கு எடுத்துப் பாருங்கள்: 11.6 வரும். அழகான பொருத்தம், கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, ஏனென்றால் பிளாட்டினம் கரும்பொருளே அல்ல. ஐந்து ஆண்டு கழித்து, 1884-இல், அவருடைய மாணவர் லுட்விக் போல்ட்ஸ்மன் இதே விதியை வெப்ப இயக்கவியலிலிருந்து முறையாக வருவித்தார். மாறிலியின் மதிப்பு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினின் நான்காம் அடுக்குக்கு 5.67-ஐப் பத்துக்கோடியால் வகுத்தால் வரும் அளவு வாட். மேலே உடம்புக்குப் போட்ட கணக்கு இதை வைத்துத்தான்.

ஸ்டெஃபான் அதோடு நிற்கவில்லை. சூடான உலோகத் தகட்டையும் சூரியனையும் ஒப்பிட்ட ஓர் அளவீட்டை எடுத்து, தன் விதியைப் போட்டு, சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலையைக் கணக்கிட்டார். அதற்கு முன் மற்றவர்கள் சொல்லிவந்த எண்கள் ஆயிரத்து சொச்சம் டிகிரியிலிருந்து பல லட்சம் வரை சிதறிக் கிடந்தன. அவருக்கு வந்தது 5430 டிகிரி செல்சியஸ். இன்றைய மதிப்பு 5772 கெல்வின், அதாவது சுமார் 5500 டிகிரி. 1879-க்கு இது பிரமாதமான விடை.

தேர்வுக்காக ஓர் இடைச்செருகல். "27 டிகிரியிலிருந்து 327 டிகிரிக்கு உயர்ந்தால் கதிர்வீச்சு எத்தனை மடங்காகும்?" என்பது கேட்டுக் கேட்டுப் புளித்த கேள்வி. கெல்வினுக்கு மாற்றினால் 300, 600. விடை 16 மடங்கு. செல்சியஸிலேயே வகுத்தவருக்கு இருபதாயிரத்துக்கு மேல் வரும். நான்காம் அடுக்கு பொய்க்கணக்கை மன்னிக்காது.

நிறத்தின் கதை வில்ஹெல்ம் வீன் 1893-இல் கண்ட இடப்பெயர்ச்சி விதி. 2898-ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், கதிர்வீச்சு உச்சமடையும் அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். உங்கள் தோலுக்கு 9.5, குண்டு பல்பின் டங்ஸ்டன் இழைக்கு, 2700 கெல்வினில், 1.07, சூரியனுக்கு 0.5. கண்ணுக்குத் தெரிவது 0.4 முதல் 0.7 வரைதான். குண்டு பல்பு ஏன் விளக்கை விட அடுப்பாகவே அதிகம் வேலை செய்தது என்பது இந்த ஓர் எண்ணிலேயே தெரிகிறது: அதன் உச்சமே அகச்சிவப்பில் இருக்கிறது.

ஓரையன் விண்மீன் கூட்டத்தில் திருவாதிரை சிவந்து தெரியும். அதற்கு எதிர்மூலையில் இருக்கும் ரைஜல் நீலம் பாய்ந்த வெள்ளை. வெறுங்கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். திருவாதிரையின் மேற்பரப்பு 3500 கெல்வின் அளவில், ரைஜலுடையது 12,000 அளவில். சிவப்பைச் சூட்டுக்கும் நீலத்தைக் குளிர்ச்சிக்கும் அடையாளமாக வைப்பது தண்ணீர்க் குழாய்க்குச் சரி, வானத்தில் தலைகீழ்.

சூரியனின் உச்சம் 0.5 மைக்ரோமீட்டர் என்றால் அது பச்சை அல்லவா, சூரியன் ஏன் பச்சையாக இல்லை என்று அடுத்த கேள்வி வரும். உச்சத்தின் இரு பக்கமும் வளைகோடு அகலமாகப் படர்ந்திருக்கிறது. எல்லா நிறமும் சேர்ந்து கண்ணுக்குள் வருவதால் வெள்ளையாகத் தெரிகிறது. அதோடு, அந்த உச்சத்தை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. அலைநீளத்துக்குப் பதிலாக அதிர்வெண்ணை அச்சாக வைத்து அதே நிறமாலையை வரைந்தால் உச்சம் 0.88 மைக்ரோமீட்டருக்குப் போய்விடும்.

எரிவாயு அடுப்பின் நீலச் சுவாலையைக் காட்டி, "அப்படியானால் அது ரைஜல் அளவு சூடா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்த நீலம் எரியும்போது உண்டாகும் சில கார்பன், ஹைட்ரஜன் மூலக்கூறுத் துணுக்குகள் குறிப்பிட்ட அலைநீளங்களில் மட்டும் வீசும் ஒளி. மெல்லிய வாயு எல்லா அலைநீளத்தையும் விழுங்குவதில்லை, எனவே எல்லாவற்றையும் வீசவும் செய்யாது. மெழுகுவர்த்தியின் மஞ்சள் வேறு வகை: சுவாலைக்குள் மிதக்கும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்கின்றன, அது கரும்பொருளுக்கு நெருக்கமானது. எல்இடி விளக்கின் அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருப்பதும் விளக்கின் சூடு அல்ல. 6500 கெல்வினில் ஒரு கரும்பொருள் எந்தச் சாயலில் தெரியுமோ அந்தச் சாயல் என்று பொருள். உள்ளே நடப்பது நீல ஒளியை மஞ்சள் பூச்சின் வழியே விடுவதுதான். இதில் வேடிக்கை, 2700 கெல்வின் விளக்கைக் கடைக்காரர் "வார்ம்" என்பார், 6500-ஐக் "கூல்" என்பார்.

இனி, நிறமாலை முழுவதுக்கும் சரியான சூத்திரம் தந்த இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க். இந்தக் கதையைப் பெரும்பாலான புத்தகங்கள் வரிசை மாற்றிச் சொல்கின்றன என்பது என் நெடுநாள் குறை. பழைய கோட்பாட்டின்படி போட்ட கதிர்வீச்சுக் கணக்கு புறஊதாப் பக்கம் முடிவிலிக்குப் போனதாம், அந்த நெருக்கடியைத் தீர்க்கப் பிளாங்க் வந்தாராம். உண்மையில் அந்தப் பழைய கோட்பாட்டுக் கணக்கைத் தொடங்கிய ரேலியின் கட்டுரை 1900 ஜூனில்தான் வந்தது, ஜீன்ஸின் திருத்தம் 1905-இல், "புறஊதாப் பேரழிவு" என்று ஏரன்ஃபெஸ்ட் பெயர் வைத்தது 1911-இல். பிளாங்கைத் தள்ளியது கோட்பாட்டுச் சண்டை இல்லை, அளவீடு.

பெர்லினை அடுத்த ஷார்லட்டன்பர்க்கில் 1887-இல் நிறுவப்பட்ட ஜெர்மன் பேரரசின் இயற்பியல், தொழில்நுட்ப நிறுவனத்தில் அந்த அளவீடுகள் நடந்தன. எரிவாயு விளக்கா மின்விளக்கா என்று போட்டி நடந்த காலம். ஒளியை அளக்க நம்பகமான அளவுகோல் தொழிலுக்கே தேவைப்பட்டது. லும்மரும் கூர்ல்பவுமும் 1898-இல் மின்சாரத்தால் சூடாக்கும் உலைக்கூடு செய்தார்கள். 1900 இலையுதிர் காலத்தில் ரூபன்ஸும் கூர்ல்பவுமும் மிக நீண்ட அகச்சிவப்பு அலைகளை அளந்தபோது, நிறமாலை முழுவதுக்கும் வீன் தந்து, அதுவரை நன்றாகப் பொருந்திவந்த இன்னொரு சூத்திரம் அங்கே தோற்றது. அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை, ரூபன்ஸ் பிளாங்கின் வீட்டுக்குப் போனபோது இதைச் சொன்னார். அன்று மாலையே பிளாங்க் ஒரு புதிய சூத்திரத்தை உருவாக்கிவிட்டார். அக்டோபர் 19-இல் அதை அறிவித்தார். எல்லா அளவீட்டுக்கும் அது பொருந்தியது. ஏன் பொருந்துகிறது என்று டிசம்பர் 14-இல் சொன்ன விளக்கத்தில்தான், ஆற்றல் தொடர்ச்சியாக அல்லாமல் பொட்டலம் பொட்டலமாகவே கைமாறும் என்ற கருத்து வருகிறது. அதை ஒரு விரக்திச் செயல் என்று பிற்காலத்தில் அவரே கடிதத்தில் எழுதினார்.

பொட்டலம் என்ன செய்கிறது? அதிர்வெண் கூடக் கூடப் பொட்டலத்தின் ஆற்றல் பெரிதாகிறது. வெப்பநிலை, அணுக்கள் அசைந்தாடும்போது கைவசம் உள்ள ஆற்றலின் அளவைச் சொல்கிறது. அறை வெப்பநிலையில் அது ஒரு எலக்ட்ரான் வோல்ட்டில் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) நாற்பதில் ஒரு பங்கு. பச்சை ஒளியின் ஒரு பொட்டலத்துக்கு வேண்டியது அதைப் போல 90 மடங்குக்கும் மேல். அவ்வளவும் தற்செயலாக ஓரிடத்தில் சேரும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை. ஆகவே நாற்காலி இருட்டில் ஒளிர்வதில்லை. 525 டிகிரியில் சிவப்புப் பொட்டலத்துக்குத் தேவை 26 மடங்குதான். இது அடுக்குக்குறியில் வருவதால், 90 எங்கே 26 எங்கே! எதுவானாலும் திடப்பொருள் கண்ணுக்கு ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ இந்த வெப்பநிலையில்தான் என்று ஜான் வில்லியம் டிரேப்பர் 1847-லேயே பார்த்திருந்தார். காரணம் தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பிளாங்க் அந்த வளைகோட்டிலிருந்து தன் மாறிலியையும் போல்ட்ஸ்மன் மாறிலியையும் எடுத்தார். முதலாவது இன்றைய மதிப்புக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு அருகில், இரண்டாவது மூன்று விழுக்காட்டுக்குள். அங்கிருந்து எலக்ட்ரானின் மின்னூட்டம்வரை கணக்கிட்டார், உலையின் ஒளியை வைத்துக்கொண்டு! ஆனால் அவருடைய வருவிப்பில் பழைய இயற்பியலும் புதியதும் கலந்து கிடந்தன. 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்த சத்யேந்திரநாத் போஸ் ஒளியையே ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த முடியாத துகள்களாக எண்ணிப் பிளாங்கின் சூத்திரத்தைச் சுத்தமாக வருவித்தார். கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்ப, அவரே ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட வைத்தார்.

இவ்வளவும் எதற்கு என்றால், தொடாமலே வெப்பநிலை அளக்க. நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி வடிவக் கருவி 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையிலான கதிர்வீச்சை வாங்கிக் கணக்குப் போடுகிறது. மலிவான கருவிகள் பலவும் உமிழ்திறன் 0.95 என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. தோலுக்கு அது சரி. கொதிக்கும் தண்ணீர் உள்ள பளபளப்பான எவர்சில்வர் பாத்திரத்தின் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள்: வெகு குறைவாகக் காட்டும். பாத்திரம் வீசுவது சொற்பம். கருவி பார்ப்பதில் பெரும்பகுதி, பாத்திரத்தில் பட்டுத் திரும்பும் சமையலறையின் சூடு. அதே இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி டேப்பின் மேல் பிடித்தால் சரியான எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தொழிற்சாலை உலைகளில் இதே சிக்கல் பெரிய அளவில் உண்டு. அதனால்தான் உலைச் சுவரைவிட உலையின் பார்வைத் துளையை நோக்கிக் கருவியைப் பிடிப்பது நம்பகமானது. இன்னொரு செய்தி: உலக வெப்பநிலை அளவுகோலில், வெள்ளி உறையும் 961.78 டிகிரிக்கு மேலே வெப்பநிலை என்பதே பிளாங்கின் சூத்திரத்தைக் கொண்டுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது.

மறுபடி மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். கொடுப்பதும் வாங்குவதும் சமமாக இருக்கும்வரை சரி, வாங்குவது குறைந்தால்? ஊட்டியில் மேகமில்லாத குளிர்கால இரவில் தலைக்குந்தா பக்கம் நடப்பது அதுதான். புல்தரை வானத்தை நோக்கி ஒரு சதுர மீட்டருக்கு 300 வாட்டுக்கு மேல் வீசுகிறது. வறண்ட, மேகமற்ற வானம் அதைவிட மிகக் குறைவாகத்தான் திருப்பித் தருகிறது. புல், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. ஆளுயரத்தில் தெர்மாமீட்டர் சுழிக்கு மேல் காட்டினாலும் தரையில் உறைபனி படிந்துவிடும், தேயிலைக் கொழுந்து கருகிவிடும். மேகம் மூடிய இரவில் உறைபனி விழாது, ஏனென்றால் மேகத்தின் அடிப்பகுதி நல்ல கரும்பொருளாகக் கீழ்நோக்கி வீசுகிறது. செடிகளின் மேல் தழையைப் போட்டு மூடுவதும் இதே கணக்கில்தான் பலன் தருகிறது.

பூமி முழுமைக்கும் கணக்குப் போடலாம். சூரியனிலிருந்து வருவது ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட். 30 விழுக்காடு திரும்பிவிடுகிறது. மீதியை உருண்டையின் பரப்பு முழுக்கப் பகிர்ந்தால் 238 வாட். அவ்வளவு வீசும் கரும்பொருளின் வெப்பநிலை 255 கெல்வின், அதாவது சுழிக்குக் கீழே 18 டிகிரி. தரையின் உண்மையான சராசரி சுமார் 15 டிகிரி. நடுவில் உள்ள 33 டிகிரி, நீராவி, கரியமில வாயு முதலியவை அகச்சிவப்பை விழுங்கிக் கீழேயும் வீசுவதால் வருவது.

விண்மீன்கள் எதுவும் அருகில் இல்லாத வெறும் வெளியில் ஒரு கல்லை விட்டால் அது தனிச்சுழிவரை குளிருமா? குளிராது. பெருவெடிப்பின் மிச்ச ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. பென்சியாஸும் வில்சனும் 1965-இல் நியூ ஜெர்சியின் ஹோம்டெல்லில் கொம்பு வடிவ ஆன்டெனாவில் கேட்ட இரைச்சல் அது. 1989 நவம்பரில் ஏவிய கோபி (COBE) செயற்கைக்கோள் அதன் நிறமாலையை அளந்து, 1990 ஜனவரியில் ஜான் மாதர் வரைபடத்தைக் காட்டியபோது கூடியிருந்த வானியலாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிளாங்கின் வளைகோட்டிலிருந்து விலகலே தெரியவில்லை. வெப்பநிலை 2.725 கெல்வின், உச்சம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்தக் கல் 2.725 கெல்வினில் நின்றுவிடும், வாங்குவதும் கொடுப்பதும் அங்கே சமமாகிவிடுவதால். இயற்கையில் இதைவிடக் குளிர்ந்த இடமாகப் பூமராங் நெபுலா என்ற வாயு மேகத்தைச் சொல்வார்கள். சுமார் 1 கெல்வின். செத்துக்கொண்டிருக்கும் விண்மீன் ஒன்று வாயுவை வேகமாக வெளியே தள்ள, அது விரிந்து விரிந்து குளிர்ந்திருக்கிறது. பின்னணியிலிருந்து வரும் 2.725 கெல்வின் ஒளியை அந்த வாயு விழுங்குவதை 1995-இல் பார்த்துத்தான் அதன் குளிரைக் கண்டுபிடித்தார்கள். அதாவது அது இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விரிவு ஓய்ந்ததும் 2.725-ஐ நோக்கி மெல்லச் சூடேறும்.